பச்சைப் பொத்தானுக்கு ஒரே சொல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கூடத்தில் நின்றிருந்தேன். கூடத்தின் மேஸ்திரி பால்ச்சாமி, கம்ப்யூட்டருக்குப் பக்கத்து ஆணியில் சணல் கட்டித் தொங்கும் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் செல்போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோமதி அம்மாவின் கணவர். “அண்ணாச்சி, அவ போயிட்டா” என்றார்.

“யாரு அண்ணாச்சி?” என்றார் பால்ச்சாமி.

“இந்தப் புஸ்தகத்தை எழுதினவங்க.”

அவர் புத்தகத்தை மூடினார். சட்டை நுனியால் அட்டையைத் துடைத்து, மெதுவாகத் தொங்கவிட்டார்.

துக்க வீட்டில் ஒருவர் என் காதுபடக் கேட்டார்: “அண்ணாச்சி கடையில போன் எடுத்துப் பேசுத வேலைதான பாத்தாவ?” ஆமாம், அந்த வேலைதான் பார்த்தார்கள். அதைச் சிறிய வேலை என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில் துணி விரித்துக் கால்குலேட்டர் விற்று மேலே வந்தவன். இப்போது ராஜபாளையம் முதல் வத்திராயிருப்பு வரை கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் பில் போட, சரக்குப் பார்க்க மென்பொருள் விற்கிறேன். மென்பொருள் வெளியூர்க் கம்பெனியுடையது; ஏஜென்சி என்னுடையது. கோமதி அம்மா பதினோரு வருடம் என் கடையில் வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்குப் போனில் பதில் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் போனில் எப்படிக் கத்துவார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் அளவு தெரியும்.

மென்பொருளுக்கான முதல் தமிழ் வழிகாட்டியை எழுதியது நான்தான். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் வாசிக்கிறவனுக்குச் சலிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது மனதில் இருந்தது. ஆகவே, வேலையை முடித்து அனுப்பும் பச்சைப் பொத்தானுக்கு ஓரிடத்தில் ‘சேமிக்கவும்’ என்று எழுதினேன். அடுத்த பத்தியில் ‘பதிவு செய்யவும்’. கடைசியில் ‘உறுதி செய்யவும்’. பொத்தான் ஒன்று, செய்கை ஒன்று. சொல் மட்டும் மூன்று. அழகாக இருப்பதாகப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

பால்ச்சாமி அந்தப் பொத்தானை மூன்று தடவை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்துக்கும் வெட்டும் பிரிவில் ஒரு சீட்டு வந்து விழுந்தது. அவர்கள் மூன்று சீட்டுக்கும் துணியை வெட்டிவிட்டார்கள். வெட்டிய துணியை ஒட்டவா முடியும்? முதலாளி பால்ச்சாமியை அன்றே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

மனிதர் நேராக என் கடைக்கு வந்தார். “சேமிக்க ஒண்ணு, பதிய ஒண்ணு, உறுதிக்கு ஒண்ணு. மூணு அமுக்கு அமுக்குனேன். புஸ்தகத்துல உள்ளபடிதான அண்ணாச்சி செஞ்சேன்?”

“ஒரு பொத்தானை எவனாவது மூணு தடவை அமுக்குவானா ஓய்?” என்று நான் சிரித்தேன். கோமதி அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“இவுக முதலாளியைப் பாக்க. தப்பு நம்ம புஸ்தகத்துலன்னு சொல்லப் போறேன்.”

“ஏஜென்சி பேரு கெட்டுப்போகும், கோமதியம்மா. செத்த நேரம் உக்காருங்க, யோசிப்போம்.”

“நீங்க யோசிச்சிட்டு இருங்க. இவரு வீட்டுல அடுப்பு எரியணும்லா? நான் போயிட்டு வாரேன்.”

போனார்கள். முதலாளியின் மேசையில் அந்தப் பக்கத்தை விரித்து, மூன்று சொல்லுக்கும் கீழே கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் பால்ச்சாமி வேலைக்குத் திரும்பினார். அந்த முதலாளி இன்றும் என் வாடிக்கையாளர்தான். என் வியாபார மூளை அன்று போட்ட கணக்கு சுத்தமாகத் தப்பு.

நான் விட்டுக்கொடுக்காமல், ஒரே சொல்லாக எழுதினால் படிக்க நன்றாகவா இருக்கும் என்று வாதாடினேன். அவர்கள் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: “அவரு கதையா வாசிக்காரு அண்ணாச்சி? வேலை பாக்காரு.”

அதன்பின் புத்தகம் முழுவதையும் அவர்களே திருப்பி எழுதினார்கள். கை செய்யும் ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு சொல், கடைசிப் பக்கம் வரை அதே சொல். எந்தச் சொல் என்பதை அவர்களாக முடிவு செய்யவில்லை. போனில் அழைக்கிறவர்கள் வாயில் எது வருகிறது என்று மாதக்கணக்கில் கேட்டுக் குறித்தார்கள். பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து புத்தகத்தை உரக்கப் படிப்பார்கள். கடைக்கு வருகிற யாராவது அதைக் கேட்டுச் செய்ய வேண்டும். கேட்கிறவர் ஒரு நொடி தயங்கி “எதைம்மா?” என்று கேட்டுவிட்டால் அந்த வரி போச்சு. தேவதானத்து உரக்கடைக்காரர் ஒருமுறை, “உரம் வாங்க வந்தவன்கூட என்னைய இப்படி வேலை வாங்குனதில்ல தாயி” என்று அலுத்துக்கொண்டார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே வரியை மறுபடி படித்தார்கள். பச்சைப் பொத்தானுக்குக் கடைசியில் நின்ற சொல் ‘சேமிக்கவும்’.

போன வருடம் கம்பெனி ஒரு புது வழிகாட்டியை அனுப்பியது. கம்ப்யூட்டரே தமிழில் எழுதியதாம். பழையதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு இதைத்தான் தரவேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்சியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதமும் கூடவே வந்தது. அப்போது கோமதி அம்மா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பார்க்கப் போனவனிடம் உடம்பைப் பற்றிப் பேச இடமே கொடுக்கவில்லை.

“புது புஸ்தகம் வந்துட்டாமே. பச்சைப் பொத்தானுக்கு என்ன போட்டுருக்கான்?”

பொய் சொல்லியிருக்கலாம். அவர்களிடம் பொய் நிற்காது. “மூணு விதமா இருக்கு” என்றேன்.

சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னார்கள்: “பால்ச்சாமிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க அண்ணாச்சி. ஒரு தடவைதான்னு.”

அவர்கள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேலை அது. என் ஏஜென்சியைக் காப்பாற்று என்றோ, தன் புத்தகத்தைக் காப்பாற்று என்றோ கேட்கவில்லை. ஒரு மனிதன் மறுபடி வேலை இழக்கக் கூடாது, அவ்வளவுதான். புதுப் புத்தகக் கட்டுகளை நான் கடை மூலையில் பிரிக்காமலே போட்டு வைத்தேன். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வியாபாரி புத்தி, நாள் கடத்தினேன்.

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனிப் பிரதிநிதி கடைக்கு வந்தார். “அந்தம்மாவும் இல்லை. இனி மாத்திரலாமே சார்?” என்றார். அந்த ‘இனி’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. கட்டுகளை அவர் வந்த வண்டியிலேயே ஏற்றச் சொன்னேன்.

“ஏஜென்சி போயிரும் சார்.”

“போகட்டும் தம்பி. துணி விரிச்சுக் கால்குலேட்டர் வித்த இடம் இன்னும் அங்கதான் இருக்கு.”

இதை எழுதும்வரை கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. எந்தப் பதில் வந்தாலும் சரி, நான் இருக்கும்வரை என் வாடிக்கையாளர் யாருடைய ஆணியிலிருந்தும் அந்தப் புத்தகம் இறங்காது. கோமதி அம்மாவுக்குப் பட்டமில்லை, பதவியில்லை. அவர்கள் எழுதிய புத்தகத்தில் அவர்கள் பெயர்கூட இல்லை. அடுத்த அச்சில் அட்டையில் பெயர் வரும். அதற்கு யாரிடமும் நான் அனுமதி கேட்கப் போவதில்லை.

நேற்று மறுபடி அந்தத் துணிக் கூடத்துக்குப் போனேன். பால்ச்சாமி ஆர்டரைப் போட்டு முடித்து, புத்தகத்தின் வரியில் விரல் வைத்து உரக்கப் படித்தார்: “சேமிக்கவும்.” பச்சைப் பொத்தானை அழுத்தினார். உடனே அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெட்டும் பிரிவில் ஒரே ஒரு சீட்டு வந்து விழுந்தது.

நிம்மதியாகப் போய் வாருங்கள், கோமதி அம்மா. ஒரு தடவைதான் அழுத்துகிறார்கள்.