எத்தனை நாள் என்று கேட்டவள்

மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. பதினொரு வருடமாக ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவள். ஊரில் கலவரம் வெடித்த அன்று, ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் தெருவில் அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரைத் தூக்கிவந்து அங்கே சேர்த்தான். வாசலிலேயே போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கலவரக்காரனாம்! சட்டையில் ரத்தம் இருந்ததாம்!

அதற்குப்பின் லிஃப்ட்டில் ஏறியவர்களெல்லாம் புத்தி சொன்னார்கள்.

“பொறுமையா இருங்கக்கா, எல்லாம் சரியாயிடும்.”

“அப்ப என்கூட ஸ்டேஷனுக்கு வாங்களேன்.”

ஆறாவது மாடிக்குப் போக வேண்டியவர் மூன்றாவதிலேயே இறங்கி நடையைக் கட்டினார்.

நோயாளியைப் பார்க்க வந்த போதகரும் ஏறினார். “பைபிள்ல மேய்ப்பன் சங்கீதத்தை வாசிம்மா. மனசு அடங்கும்.”

“என் மனசு எதுக்கு அடங்கணும்? தப்பு செஞ்சவங்க அடங்கட்டும். எனக்குப் பதின்மூணாம் சங்கீதம் போதும், பாஸ்டர்.”

அந்தச் சங்கீதம் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். ஆறே வசனம். பாடியவன் கடவுளின் சட்டையைப் பிடிக்காத குறையாக, இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறான். லிஃப்ட் காலியாக மேலேறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொல்வாள். கடைசியில் பாட்டும் சந்தோஷமும் வரும்; அங்கே மட்டும் குரல் இறங்கிவிடும். ஆனாலும், நமக்கு முன்னால் ஒருவன் இப்படிக் கத்தியிருக்கிறான், அதைக் கிழித்துப் போடாமல் வேதத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சின் இறுக்கம் விடும். அந்தத் தெம்பில்தான் வேலை முடிந்ததும் தினமும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள்.

பத்தொன்பதாம் நாள், அடிபட்டவர்களில் ஒருவர் கண்விழித்து நடந்ததைச் சொன்னார். அன்று மாலையே கணவனை விட்டார்கள். அவனுடைய வலது கை தூக்க முடியாமல் தொங்கியது.

“ஏதோ தப்பு நடந்துபோச்சும்மா. கூட்டிட்டுப் போங்க” என்றார் அதிகாரி, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அதை எழுதிக் கொடுங்க சார்.”

“எதை?”

“தப்பு நடந்துபோச்சுன்னு. கையெழுத்தோட.”

“வேணாம், வா. வீட்டுக்குப் போயிடலாம்” என்று கணவன் கெஞ்சினான்.

அவள் அவனை வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் திரும்பி வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஐந்தாம் நாள் அதிகாரி அரைப் பக்கம் எழுதி, முத்திரை குத்தி, மேஜைமேல் எறிந்தார். அவள் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். கணவன் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. அதையும் திருத்தி வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.