தாழ்ப்பாள் இல்லாத கதவு

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகளை நீராவிப் பெட்டியால் தேய்த்து மடிக்கும் வேலை. கைக்கு வேகம், வாய்க்கு அதைவிட வேகம். அப்பா இல்லாத வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் தங்கையும் சாப்பிட்டார்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தத் தங்கை திடீரென்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சீருடை போடுவாள், தலை பின்னிக்கொள்வாள், வாசல் வரை வருவாள். அங்கே கம்பிக் கதவைப் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

"எல்லாம் கொழுப்பு. ரெண்டு போடு போட்டா தானா போவா," என்றார் அடிக்கடி வந்து சாப்பிட்டுப்போகும் மாமா.

அம்மா மூக்கைச் சிந்தினாள். மிளகாய்க்கு எல்லார் மேலும் எரிச்சல். ஒருநாள் காலையில் தங்கையின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்னவள் கையைக் கடித்துவிட்டாள்.

"நாயாடி நீ? நான் அந்த நீராவியில வெந்து சாகறது யாருக்காக?"

சின்னவளின் உதடு வறண்டு வெடித்திருந்தது.

"தண்ணியாவது குடிச்சுத் தொலை," என்று டம்ளரை நீட்டினாள் அக்கா.

"வேணாம்க்கா. காலையில தண்ணி குடிச்சா அங்க போகவேண்டி வரும்."

"எங்கடி?"

அதன்பிறகு எல்லாம் கொட்டியது. பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே யாராவது இருந்தால் பெரிய வகுப்புப் பெண்கள் கதவைத் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் இடைவேளையில் இவள் போவதில்லை. பாடம் நடக்கும்போது கேட்டால் வகுப்பு டீச்சர் விடுவதில்லை. ஒருநாள் அடக்க முடியாமல் பெஞ்சிலேயே போய்விட்டது. டீச்சர் ஒரு பழந்துணியைக் கொடுத்து, எல்லார் முன்னாலும் அவளையே துடைக்க வைத்தார்.

மிளகாய்க்குக் காது மடல் கொதித்தது. அன்று வேலைக்குப் போகவில்லை. நேரே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றாள்.

"பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் பழக்கணும்மா..."

"ஒழுக்கத்துக்கும் ஒண்ணுக்குக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தான் பேசறேன். என்கூட வாங்க."

கழிப்பறை வாசல் வரை அழைத்துப்போனாள். "உள்ள போயிட்டு வாங்க டீச்சர். நான் இங்கயே நிக்கிறேன். தள்ளமாட்டேன், பயப்படாதீங்க."

தலைமை ஆசிரியை போகவில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்து ஓட்டைகளைப் பார்த்தபடி நின்றார். அந்த வாரமே புதுத் தாழ்ப்பாள் வந்தது. வகுப்பு டீச்சர் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கண்டிக்கவே முடிவதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தங்கை அப்போதும் போகவில்லை.

"அதான் தாப்பாள் போட்டாச்சே! இன்னும் என்னடி?"

"பார்த்தவங்க எல்லாம் அங்கதானக்கா இருக்காங்க?"

மிளகாய் மறுபடி போய் மல்லுக்கட்டி, தங்கையை வேறு பிரிவுக்கு மாற்றினாள். மாலை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் தங்கையோடு போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தாள். காவலாளி எழுந்து போகச் சொன்னார்.

"முடிஞ்சா தூக்கி வெளிய வைங்கண்ணே," என்றாள்.

முதலில் மதியம் வரை இருந்தாள் சின்னவள். பிறகு முழுநாளும். இப்போதும் சில காலைகளில், "இன்னைக்கு முடியலக்கா" என்பாள். "சரி, பையை இறக்கி வை" என்பாள் அக்கா. மாமா வாயைத் திறந்தால், "நீங்க பேசாம சாப்பிடுங்க" என்பாள்.

அந்த வகுப்பு டீச்சர் தெருவில் எதிரே வந்தால் மிளகாய் வழி விடுவதில்லை. டீச்சர்தான் ஒதுங்கிப் போகவேண்டும். கோபம் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் அவளுக்கு உத்தேசமில்லை.