வியாழக்கிழமை பிந்தும் வாட்ச்

சுகிர்தம் என்ற பெயரை நாகலெட்சுமி முதன்முதலில் கேட்டது வட்டவளையில் ஒரு கல்யாண வீட்டில். சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிஷின் பாதியில் நின்றுவிட, சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, உள்ளே யாரோ, "அந்தச் சுகிர்தத்தக் கூப்பிடுங்க. எதையாச்சும் கழட்டிப் பாக்காம அவளுக்குப் பொழுது போகாது" என்றார்கள். ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். மிஷினைக் கழற்றினாள். மிஷின் ஓடவில்லை, கடைசியில் அம்மியில்தான் அரைத்தார்கள். ஆனால் தாலி கட்டும்போதுகூட அந்தப் பெண் பின்பக்கம் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் நாகலெட்சுமிக்குச் சோறு இறங்காது. விசாரித்தால் வேறு யாருமில்லை, தன் நாத்தனார் புருஷனுடைய தங்கச்சி மகள். அவர்கள் வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவர்களான குடும்பம், அதனால் போக்குவரத்துக் குறைந்துபோயிருந்தது. அண்ணன் முறைக்காரருக்குத் தங்கச்சி என்றால் தனக்கும் தங்கச்சிதானே. அப்படியானால் இவள் மகள் முறை. பிறகு சுகிர்தம் வட்டகொடைக்கு மேலேயுள்ள நாகலெட்சுமியின் தேயிலைத் தோட்டத்துக்கே வாழ்க்கைப்பட்டு வந்து, அவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்தாள். "பெரியம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள்.

போன வருஷம் சுகிர்தத்தைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூட்டத்தை வேலை வாங்கும் கங்காணியாகப் போட்டார்கள். அந்தப் பிரிவில் பொம்பிளைக் கங்காணி அவள்தான் முதல். அதுவரை கங்காணியாக இருந்த வீரய்யாவைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்கு மாற்றினார்கள். கங்காணிக் கம்பை அவள் கையில் கொடுக்கும்போது அவர் ஒரு புத்தி சொன்னார்: "கங்காணி கொழுந்துல கை வைக்கக் கூடாது புள்ள. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும். இல்லாட்டி ஒருத்தியும் மதிக்க மாட்டா."

சுகிர்தமும் அப்படியே நின்றாள்.

மலையில் போன் பார்க்கக் கூடாது என்பது கங்காணிகளுக்கு மேலே இருக்கும் கண்டாக்கையாவின் சட்டம். ஆகவே கூட்டத்துக்கு மணி சொல்வது சுகிர்தத்தின் கையிலிருந்த வாட்ச்தான். அவள் தம்பி கொழும்பில் நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிக் கொடுத்தது. பாட்டரி கிடையாது. கொழுந்து எடுத்த நாளெல்லாம் ஒழுங்காக ஓடிய வாட்ச், அவள் கங்காணியான பிறகு பின்னுக்குப் போக ஆரம்பித்தது. ஒரு வியாழக்கிழமை கூட்டம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கியபோது கொழுந்து லொறி போய்விட்டது. சாக்கில் கிடந்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோனது. அடுத்த வாரமும் அதே கதை.

"இன்னொரு தடவ லொறிய விட்டீங்கன்னா கம்பு வீரய்யாகிட்டயே போயிரும், சொல்லிட்டேன்" என்றார் கண்டாக்கையா.

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லாவிட்டால் வாட்ச்சைத் தூக்கி எறிந்திருப்பாள். சுகிர்தமோ காலையில் அதைக் காதில் வைத்துக் கேட்டாள், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையில் மணியைச் சரியாக வைத்தாலும் சில நாள் மலையில் நிற்கும்போதே பிந்தியது.

"இது திங்கக்கிழம நல்லா இருக்கு பெரியம்மா. புதன் ஆனா சோந்து போவுது. வியாழன் படுத்துக்குது."

"ஒன் வாட்சுக்கும் வேல செஞ்சு களைச்சுப் போவுதோ என்னமோ."

ஹட்டன் கடைத்தெருவில் மரியரட்ணம் என்று வாட்ச் பழுது பார்க்கும் பாஸ் ஒருவர். அவரிடம் கொண்டுபோனாள். அவர் திறந்து துடைத்து இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோளாறும் இல்லயேம்மா. நீங்க என்னா வேல செய்றீங்க?" என்று கேட்டார்.

"கொழுந்து வேலதான்."

"அப்பன்னா நல்லா ஓடணுமே. மழத்தண்ணி பட்டிருக்கும்."

அந்த வியாழனும் வாட்ச் பிந்தியது. சுகிர்தம் சந்தேகப்பட்டுக் கூட்டத்தை மடுவத்துக்கு முன்கூட்டியே இறக்கியதால் லொறி தப்பவில்லை. அடுத்த திங்கள் காலை அவள் வாட்ச்சைக் கழற்றி நாகலெட்சுமியின் கையில் கட்டினாள்.

"எனக்கு எதுக்குடி இது? நான் என்னா கல்யாணப் பொண்ணா?"

"ஒரு வாரம் கட்டிக்கிட்டு இருங்க. கழட்டக் கூடாது."

வாரம் முழுக்க சுகிர்தம் மேலிருந்து, "பெரியம்மா, மணி?" என்று கேட்பாள், நாகலெட்சுமி கையை நீட்டிக் காட்டுவாள். பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த வீரய்யா, "மணி கேட்டுத் திரியிற கங்காணிய இப்பத்தான் பாக்குறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வியாழன் வந்தது. வாட்ச் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை.

"ஒங்க கையில மட்டும் எப்பிடி ஓடுது?"

"என் கையில என்னா இருக்கு? கொழுந்துதான் இருக்கு."

சுகிர்தம் வெகுநேரம் நாகலெட்சுமியின் கைகளையே பார்த்தாள். கோழி தீனி பொறுக்குகிற மாதிரி அவை செடிக்கும் கூடைக்குமாகப் போய்வந்தன. பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த தன் கைகளை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைகள் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் துணி அடிக்கும், விறகு பிளக்கும். மற்ற நாளெல்லாம் அசையாமல் நிற்கும்.

சம்பளத்துக்கு மறுநாள் இருவரும் ஹட்டனுக்குப் போனார்கள். சுகிர்தம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கங்காணி என்று நாகலெட்சுமி சொன்னதும் பாஸ் சிரித்தார். "கை ஆடுறதுதான்மா இதுக்குச் சாவி. ஆடாட்டி ராத்திரியில நின்னுரும், சில நாள் பகல்லயே நின்னு நின்னு ஓடும். காலையில நீங்க எடுத்துக் கட்டின ஒடனே மறுபடி ஓடும். நின்னது ஒங்களுக்குத் தெரியாது, பிந்திருச்சுன்னு நெனப்பீங்க. கொழுந்து எடுக்கிற கைன்னுதானே சொன்னீங்க?"

"கங்காணின்னு நானே எப்பிடிச் சொல்றது? பெருமையடிக்கிற மாதிரி இருக்குமே."

மறுநாள் மலையில் சுகிர்தம் கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு நின்றாள். பெண்கள் கூடையோடு குலுங்கிச் சிரித்தார்கள்.

"கங்காணியம்மாவுக்குச் சாமி வந்திருச்சுடி."

"வேதக்காரிக்கு எந்தச் சாமி வரும்?"

"வாட்ச் சாமி."

சுகிர்தமும் சிரித்துவிட்டாள். பிறகு கம்பை ஒரு செடியில் சாய்த்துவிட்டுப் கொழுந்து எடுப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கை எடுத்து இடுப்பில் கட்டினாள். கடைசி நிரையில் பின்தங்கி நின்றவளின் பக்கம் போய், அவள் கூடையில் கொழுந்தைக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள். நாகலெட்சுமி கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வீரய்யா சொன்னதை இவள் மறந்துவிட்டாளா? கூட்டம் இனி மதிக்குமா?

நாலு நாளில் வீரய்யா கோள் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை கண்டாக்கையாவே மடுவத்துக்கு வந்து நின்றார். கூட்டம் இறங்கிவந்து கொழுந்தைக் கொட்டி முடித்தபோது லொறி இன்னும் வளைவில்தான் உறுமிக்கொண்டிருந்தது.

"கங்காணி கொழுந்து எடுக்கிறதா கேள்விப்பட்டேன்."

"வாட்சுக்குச் சாவி குடுக்கிறேங்கய்யா."

"என்னா?"

சுகிர்தம் விவரமாகச் சொன்னாள். அவர் வாட்ச்சை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். "சரி, நீங்க எடுக்கிற கொழுந்து யாரு கூடைக்குப் போவுது? சொந்தக்காரங்களுக்கா?"

"இல்லீங்கய்யா. யாரு பின்னுக்கு நிக்கிறாங்களோ அவங்களுக்கு."

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு இலைகூடப் போடல" என்றாள் நாகலெட்சுமி, கொஞ்சம் கோபமாகவே.

கண்டாக்கையா வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். "லொறிக்கு முந்தி வந்தா எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். கம்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

சுகிர்தம் இப்போதும் வட்டகொடைக்கு மேலே அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள், அந்தக் கூட்டத்துக்குக் கங்காணியாக.