பந்தயக்காரிக்குத் துணை

ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே ஓட்டப் பயிற்சிக்கென்று விடியற்காலையில் எழுப்பப்பட்ட ஒரே பெண் நான்தான். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என் கால்களின் அருமை தெரிந்துதான் எழுப்புகிறார்கள் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை.

எழுப்புகிறவள் அம்மாவின் தங்கை, என் சித்தி. அவளும் ஓடுவாள். நன்றாக ஓடுகிற பெண்களுக்குப் போட்டி வைத்து ரயில்வேயில் வேலை கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தேர்வில் தேறாவிட்டால் காட்டுப்பள்ளியில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை தங்கமானவர்தானாம். ஆனால் அவர் பேச்சை எடுத்தாலே சித்தி பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

ஓட இடம் வேண்டுமே? கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஓடினால் கூட்ஸ் வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் விசிலடித்தார்கள். கடற்கரை மணலில் கால் புதைந்தது. காலைப் பூசைக்கு முன்னால் மாதா கோயிலைச் சுற்றிச் சுற்றித்தான் ஓடிப் பழகினாள். சுண்ணாம்புக் கோடு போட்ட நிஜமான ஓட்டப் பாதை எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மட்டும்தான் இருந்தது. யாரோ வெளியாட்கள் வந்து பந்தடித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்ததிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களும் மட்டுமே உள்ளே போகலாம்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் என் திறமை வீட்டாருக்குத் தெரியவந்தது. "நம்ம பாப்பா இன்னா ஷோக்கா ஓடுது பாரேன்க்கா! நல்லாப் பழக்கி வுட்டா ஸ்கூல்ல கப்பு அதுக்குத்தான்" என்றாள் சித்தி ஒருநாள் சாப்பிடும்போது. அம்மா என்னைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெருமைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நான் பந்தயக்காரி, சித்தி எனக்குத் துணை. பாவாடைக்குள் மாமாவின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவாள். "மொதல்ல நீ ஒரு சுத்து ஓடு. அப்பால குந்திக்கினு என் காலயே பாரு. பாத்தாலே பாதி வந்துரும்" என்பாள். நானும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பொரியுருண்டை தின்றபடி, வெகு சிரத்தையாகப் பயிற்சி எடுத்தேன்.

முதல் நாளே வம்பு. டிரில் மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "ஏம்மா, தேரா இழுக்கற? இடது கை உள்பக்கம் வரணும்மா!"

எங்கள் ஜனம் எதைச் சுற்றினாலும் வலமாகத்தான் சுற்றும். மாதா தேரே அப்படித்தான் போகும். சித்தி கோயிலைச் சுற்றி ஓடியதும் அப்படியே. வலப்பக்கம் சாய்ந்தே பழகிய உடம்பு, இடப்பக்க வளைவில் தடுமாறிக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. விஷயத்தைக் கேட்ட அம்மா, "அய்ய, இடமா சுத்தறது ஆவாதுடி" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். தேர்வோ நெருங்கிவிட்டது. அதற்குள் பழகிய உடம்பை மாற்றியாக வேண்டும். அதற்கு இந்தப் பாதையை விட்டால் வேறு கதி இல்லை.

அப்படி அவள் வளைவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் தலைமையாசிரியர் ஃபாதரே மைதானத்துக்குள் வந்து நின்றார். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது.

"இங்க ஓடிப் பழகுறது யாரு?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன். "நான்தான் ஃபாதர். சித்தி சும்மா துணைக்கு ஓடுது."

"அப்படியா? எங்கே, ஓடு பார்ப்போம்."

ஓடினேன். பாதிச் சுற்றில் விலாவில் பிடித்துக்கொண்டது. மீதியை நடந்தும் நொண்டியும் முடித்து, தலைநிமிர்ந்து வந்து நின்றேன். ஃபாதர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு சித்தியின் கால்களில் முழங்கால் வரை அப்பியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார்.

"நல்லா வரும்" என்றார். "ஆனா காலையில மட்டும் ஓடினாப் போதாது. சாயங்காலமும் வரட்டும். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாத அன்னிக்குத் துணைக்கு வர்றவங்களாவது வந்து ஓடணும். பழக்கம் விட்டுப்போகக் கூடாது பாருங்க. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிடறேன்."

அவர் போனதும் சித்தி என்னைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். என் எதிர்காலத்தை நினைத்து உருகுகிறாள் பாவம் என்று, "அழாத சித்தி, கப்பு வாங்கிர்றேன்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

சித்தி தேர்வில் முதலாவதாக வந்து ரயில்வேயில் சேர்ந்தாள். காட்டுப்பள்ளி மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் பள்ளியில் விளையாட்டு விழா வந்தது. நான் ஓடினேன், எனக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகும் ஃபாதர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. அவரை நினைத்தால்தான் பரிதாபமாக இருந்தது. எவ்வளவு படித்த மனிதர், ஓட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு மண்ணும் தெரியவில்லையே, என்னைப் போய் நல்லா வரும் என்று சொல்லிவிட்டாரே என்று, வீடு போய்ச் சேரும்வரை அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே நடந்தேன்.