கொழுந்தன் பெயரில் ஒரு இணையதளம்

நான் கல்யாணம் செய்து போன வீடு கேரளத்துப் பாறசாலையிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் வழியில் இருந்தது. அந்த வீட்டின் முன்னறையில் தையல் மிஷின்களைப் போட்டு, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் சிறுமிகளுக்குப் புதுநன்மை உடுப்பும் கல்யாணப் பெண்களுக்கு வெள்ளைக் கவுனும் தைத்துக்கொண்டிருந்தேன். பூவாறு, திருப்புறம் பக்கத்திலிருந்து கடலோரக் குடும்பங்கள் வரும். பாதிப் பேருடைய ஆட்கள் வளைகுடாவில் இருந்தார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருந்த ஒருத்தி லீவுக்கு வந்தபோது மகளுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு, "சேச்சி, இதையெல்லாம் படம் எடுத்து இன்டர்நெட்டுல போடணும். அங்க என் கூட்டுக்காரிகள் பாத்து ஆர்டர் தருவினும்" என்றாள். நெய்யாற்றின்கரையில் முதல் இன்டர்நெட் சென்டர் அப்போதுதான் திறந்திருந்தது.

எனக்கு அவள் சொன்னது பிடித்துவிட்டது. திருவனந்தபுரத்தில் இணையதளங்களுக்கு இடம் வாடகைக்குத் தரும் ஒரு கம்பெனிக்குத் தனியாகப் போனேன். துணிக்கடையில் கேட்பதுபோலத்தான் கேட்டேன். கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போனை எடுப்பீர்களா? அங்கிருந்தவர் சிரிக்காமல் பதில் சொன்னார். தளத்தை வைத்திருக்கும் மிஷின் அமெரிக்காவில் இருக்கிறது, சில நேரம் நின்றுபோகும், நின்றால் நாங்களே கூப்பிட்டுச் சொல்வோம் என்றார். பிறகு, "இடம் சரியில்லேன்னா மாத்திக்கலாம். தளத்தோட பேர் மட்டும் உங்க பேர்ல பதிவாகணும். அது இன்னொருத்தர் கையில இருந்தா நாங்க யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவரின் தம்பி கம்ப்யூட்டர் படித்து, நெய்யாற்றின்கரையில் ஒரு பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"வீட்டுல நான் ஒருத்தன் இருக்கியப்போ மைனி அந்நியன்ட்ட போய் கேட்டது எனக்குக் கொறச்சலாக்கும்."

"அவன் செய்வான். அவன் படிச்சவனாக்கும்" என்றாள் மாமியார்.

செய்யட்டும், பெயர் மட்டும் என் பெயரில் இருக்கட்டும் என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மைனிக்கு கிரெடிட் கார்டு உண்டா? இமெயில் உண்டா? ஃபாரத்துல இங்கிலீஷ்ல நாலு வரி எழுதத் தெரியுமா?"

மாமியார் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். அமெரிக்காவில் இருந்த ஒரு நண்பனின் கார்டில், தன் பெயரில், கொழுந்தன் எல்லாவற்றையும் பதிவு செய்தான்.

நன்றாகவே செய்தான். பக்கங்கள் அழகாக இருந்தன. அவன் பிடித்த இடமும் மோசமில்லை, தளம் ஒருநாளும் நின்றதில்லை. மஸ்கட்டிலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. அவன் சாயங்காலம் அவற்றை அச்செடுத்துக்கொண்டு வந்து மிஷின்மேல் வைப்பான். நான் கூலிக்கு ஒரு பெண்ணை வைக்க வேண்டிவந்தது.

மறுவருடம் அவனுக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னறை வேண்டும். மிஷின்களைப் பின்பக்கம் அடுக்களையை ஒட்டியிருந்த சாய்ப்புக்கு மாற்றச் சொன்னான். அங்கே அடுப்புப் புகை வரும், வெள்ளைத் துணி ஒரு வாரத்தில் பழுத்துப்போகும், முடியாது என்றேன்.

"சரி மைனி" என்றான். முகத்தில் கோபமே இல்லை.

ஈஸ்டருக்கு முன்னால்தான் எனக்கு வேலை அதிகம். அந்த வருடம் ஆர்டர்கள் நின்றுபோயின. அவனிடம் கேட்டேன். "ஒண்ணும் வரல்ல. ஆளுகளுக்கு வேற எடம் கெடச்சிருக்கும்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். துணியில் குறையா, தையலில் குறையா என்று பழைய உடுப்புகளைப் பிரித்துப் பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம் மஸ்கட்டிலிருந்து அந்த நர்ஸ் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

"சேச்சிக்க வீடுதானே? சேச்சி மரிச்சுப் போச்சுண்ணு கண்டேன். என்ன ஆச்சு?" என்று அழுதாள்.

"ஆரு மரிச்சது? நான்தான் பேசுதேன்" என்றேன்.

"சேச்சிக்க இன்டர்நெட்டுல அப்படித்தானே போட்டிருக்கு" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். இன்டர்நெட் சென்டரில் தளத்தின் பெயரைச் சொன்னேன். பக்கம் மேலிருந்து கீழே மெதுவாகத் திறந்தது. முதலில் கறுப்புக் கரை, பிறகு என் முகம். என் கல்யாணப் படத்திலிருந்து என் கணவரை வெட்டி நீக்கிவிட்டு எடுத்த முகம். அதன் இருபக்கமும் மெழுகுதிரிகள் அசைந்து அசைந்து எரிந்தன. சென்டர்க்காரர் கீழே இருந்த இங்கிலீஷை வாசிக்கத் தொடங்கினார். உரிமையாளர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், கடை மூடப்பட்டது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது கொழுந்தன் மறைக்கவில்லை.

"தமாஷாக்கும் மைனி. ரூமு ஒழிஞ்சா படத்த எடுத்திடுவேன்."

"மாமி, இவன் என்னைக் கொன்னு ஊருக்குக் காட்டியிருக்கான்" என்றேன்.

"நீ இஞ்ச நிக்கியல்லா? செத்தா பெயிட்ட? இத பெரிசாக்காத, பிள்ளே" என்றாள் மாமியார்.

என் கணவர் அன்றைக்குப் பொழுதடைவதற்குள் மிஷின்களை ஒவ்வொன்றாகச் சுமந்து சாய்ப்பில் கொண்டுபோய் வைத்தார். அவரிடம் அதுவரை எதற்கும் அவ்வளவு சுறுசுறுப்பை நான் கண்டதில்லை.

கொழுந்தன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். படத்தை எடுத்தான், அதோடு தளத்தையும் மொத்தமாக அழித்தான். நான் மறுபடியும் திருவனந்தபுரம் போனேன். அதே மனிதர் தேடிப் பார்த்துவிட்டு, பழைய பெயரைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார். புதுப் பெயர் ஒன்றை என் பெயரில் பதிவு செய்து, பழைய உடுப்புப் படங்களை ஏற்றித் தந்தார். நான் உயிரோடு இருப்பதாக முதல் பக்கத்தில் ஒரு வரி போடலாமா என்று தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒரு ஆர்டரும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் பூவாற்றில் இருந்த நர்ஸின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அண்ணி என்னை உள்ளே உட்காரச் சொல்லவில்லை, வாசலில் நின்றே பேசினாள்.

"அவ அஞ்ச மஸ்கட்டுல எல்லாருமாச் சேந்து உங்க ஆத்துமாவுக்குக் கோயில்ல பூசை வச்சிருக்கா. நீங்க உயிரோட இருக்கியது இப்பம் எல்லாவனுக்கும் தெரியும். ஆனா செத்த பூசை வச்ச ஆளுட்ட பிள்ளைக்குப் புதுநன்மைக்கு உடுப்பு தைக்க மனசு ஒக்கல்லேண்ணு சொல்லுதினும். நானும் என்ன சொல்ல, மக்கா?"

அவளுடைய மகள் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அந்த வருடம் புதுநன்மை. அண்ணி அவளை முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். நான் கேட்டைத் திறந்து ரோட்டுக்கு வந்தேன். அதன் பிறகு சாய்ப்பில் உட்கார்ந்து நைட்டியும் பாவாடையும் தைத்தேன், அவற்றுக்குப் புகை ஒரு குறையில்லை.