கை படாத பல்பு

காரில் ஒரு முன்விளக்கு ஏற்கெனவே போயிருந்தது. மல்லசமுத்திரத்தில் பொழுது இறங்க, மற்றதும் அணைந்தது. உள்ளே மருமகளுக்குப் பிரசவ வலி. சேலம் போயாக வேண்டும்.

உதிரிபாகக் கடைக்காரர் ஒல்லியானவர், வெள்ளைத் தொப்பி. என் மகன் கழற்றித் தந்த பல்பைக் கைக்குட்டையால் பிடித்துப் பார்த்தார்.

"மூணு கால் பல்புங்க, எச் ஃபோர் ரகம். ஒண்ணுதான் இருக்குது."

அரிக்கேன் விளக்கின் கண்ணாடி துடைத்த பழக்கம் எனக்கு. புதுப் பல்பை வாங்கி முந்தானையால் துடைத்தேன்.

"கண்ணாடியைத் தொடாதீங்கம்மா! கை எண்ணெய் பட்டா சூட்டுல வெடிச்சுரும்."

"சீக்கிரம் மாட்டுங்க பாய், புள்ள துடிக்கிறா."

"பாதி வழியில அணைஞ்சா என்ன பண்ணுவீங்க? இருங்க."

துணியில் ஸ்பிரிட் தொட்டு நிதானமாகத் துடைத்து மாட்டினார். விளக்கு எரிந்தது.

என்னை ஒருவரும் அதட்டியதில்லை. அவர் அதட்டியும் எனக்குக் கோபம் வரவில்லை. வண்டி நகர்ந்தபோதுதான் பார்த்தேன், அவருக்குக் கை நடுங்கியது. துடைக்கும்போது அந்த நடுக்கத்தை எங்கே வைத்திருந்தாரோ!