சும்மாட்டில் சுற்றிய கயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் காந்தச் சுருள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். லீவுக்குச் சொந்த ஊரான போடிக்கு வந்தவன், பக்கத்துச் சிலமலையில் விவசாயம் பார்த்த மாமாவிடம் பீற்றினேன். தண்ணீரிலிருந்து பிரித்த வாயுவைச் சூரியன்போலக் காய்ச்சி, காந்தத்தால் ஒரு வளையத்துக்குள் அடைத்துவைத்தால் கரண்டு எடுக்கலாம் என்றேன். தலைச்சுமைக்கு மாமா வைத்திருந்த சும்மாட்டை வாங்கி, அந்தத் துணி வளையத்தைச் சுற்றிக் கயிற்றைச் சுருட்டிக் காட்டினேன். உள்பக்கம் கயிறு நெருங்கியது, வெளிப்பக்கம் இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில்தான் காந்தம் தளர்ந்து நெருப்பு நழுவும். அதைச் சரிசெய்வதே என் சோலி.

"வேலியில சந்து இருந்தா ஆனை நிக்குமா" என்றார் மாமா. "சந்த அடைச்சிட்டா தண்ணியிலயே கரண்டா, மாப்ளே?"

"வெரசா வந்துரும் மாமா" என்றேன், வாய் கூசாமல்.

இரண்டு வருடம் கழித்துப் போனேன். ஊருக்குக் கரண்டுக் கம்பி வந்து, பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஓடியது. மாப்பிள்ளையின் கரண்டு வரட்டும் என்று மாமா மட்டும் இணைப்புக்கு மனுப் போடவில்லை. கிணற்றில் மாடு பூட்டி, தோல் சாலால் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாட்டின் கழுத்தில் நுகத்தடிப் புண்.

"சந்து அடைஞ்சிருச்சா, மாப்ளே?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா." மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் அந்த மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "கேட்டியாடா, இன்னும் கொஞ்சந்தானாம்."